க்யூட்டிகிள் ரிமூவர் மேலேயே க்ரீம் பூசலாமா?

கேள்வி: மார்ச் 2

பார்லரில் மெனிக்யூர் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொல்லித் தந்த முறை இது: க்யூட்டிகிள் ரிமூவரை நகத்தைச் சுற்றிப் பூச வேண்டும், எரியாமல் இருக்க அதன் மேலேயே க்யூட்டிகிள் க்ரீம் பூச வேண்டும், ஐந்து நிமிடம் விட்டு டிஷ்யூவால் துடைத்து, க்யூட்டிகிளைத் தள்ளி, வெட்டி, பாலிஷ் போட வேண்டும். அப்படியே செய்தும் சிலருக்கு எரிகிறது. பாலிஷ் இரண்டே நாளில் தகடாக உரிந்து வருகிறது என்று திரும்பி வருகிறார்கள். க்ரீமை இன்னும் தாராளமாகப் போட வேண்டுமா, வேறு பிராண்ட் ரிமூவர் வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ள அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

பிராண்டை விடு தங்கச்சி, வரிசையை மாற்று. ரிமூவர் கரைக்க வந்தது, க்ரீம் காக்க வந்தது. ஒன்றின் மேல் ஒன்றைப் பூசினால், ரிமூவரில் இருக்கும் காரத்தை (அமிலத்துக்கு நேர் எதிரான ஆல்கலி) க்ரீம் முறித்துவிடாது. காய விடாமல் மூடி வைத்து, தோலோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வைக்கும். எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் டிஷ்யூவால் துடைக்கிறாய். நீ எழுதியதில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. காரமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த படலத்தின் மேல் போட்ட பாலிஷ் இரண்டு நாள் நின்றதே பெரிய விஷயம்.

ரிமூவர், தள்ளுதல், கழுவுதல், பாலிஷ், எல்லாம் காய்ந்த பிறகு க்ரீம். காரணங்களை நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

மார்ச் 3

"நகத்தைச் சுற்றி" என்று எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

நகத்தின் அடியில், உள்ளங்கைப் பக்கம் இல்லை, மேல்பக்கம், ஒரு தோல் விளிம்பு வளைந்து நிற்கிறது. அது உயிருள்ள தோல். வெட்டினால் ரத்தம் வரும், அழுத்தினால் வலிக்கும். நகம் முளைக்கும் இடம் அந்த மடிப்புக்கு அடியில்தான் இருக்கிறது. வெள்ளைப் பிறையாகத் தெரிவது அதன் முன்முனை. க்யூட்டிகிள் அந்த விளிம்பு அல்ல. மடிப்பின் உள்பக்கம் உதிர்க்கும் செத்த செல்கள் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, நகம் வளர வளர அதோடு முன்னால் நகர்ந்து வரும். மெல்லிய, கிட்டத்தட்ட நிறமில்லாத அந்தப் படலம்தான் க்யூட்டிகிள். நகத்தைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் பளபளப்பு இல்லாத ஒரு திட்டாகத் தெரியும். சுரண்டினால் வெள்ளையாகப் பொடி வரும், வலிக்காது.

ரிமூவரின் வேலை அந்தப் படலத்தோடு முடிகிறது. அதனால் அதைப் பூச வேண்டிய இடம் நகத்தின் மேல்பரப்பு, மடிப்பை ஒட்டிய ஒரு மெல்லிய கோடு. தோல் மேலே இல்லை. பக்கவாட்டு மடிப்பில் வழிந்தால் உடனே துடைத்துவிடு. பிரஷ் நிறைய எடுக்காதே. பத்து விரலுக்குத் தேவைப்படுவது சில துளிகள்தான், குளிப்பாட்டும் அளவுக்கு வேண்டாம்.

பயிற்சிக்கு வரும் பலர் மடிப்பையே க்யூட்டிகிள் என்று நினைத்துக்கொண்டு, அதை மென்மையாக்கி, உந்தி, நிப்பரால் (தோல் நறுக்கும் சின்ன இடுக்கி) வட்டமாக வெட்டி எடுத்து, "எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று காட்டுகிறார்கள். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில நாளில் அந்த விளிம்பு தடித்து, பிசிர் பிசிராக வளரும். வாடிக்கையாளர் "எனக்கு க்யூட்டிகிள் ரொம்ப அதிகம்" என்று சொல்லிக்கொண்டு வருவார். அதிகமாக்கியதே நாம்தான்.

மார்ச் 3, மாலை

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு, நிறையத் தண்ணீர், கொஞ்சம் கிளிசரின். முதல் இரண்டும் கடுமையான காரங்கள். நகமும் செத்த தோலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரத இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுக்கும், கெரட்டின் உப்பி இளகும். கிளிசரின் அது சட்டென்று காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். இந்த வகை ரிமூவரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 12, 13 பக்கம் இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5 சுற்றி. அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத்தான் ஆய்வகத்திலும் பயன்படுத்துகிறார்கள். நகத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க, சுரண்டிய துகள்மேல் 10 முதல் 20 சதவீதக் கரைசலை விட்டு, கெரட்டின் கரைந்த பிறகு நுண்ணோக்கியில் வைப்பார்கள். பூஞ்சை மட்டும் மிஞ்சித் தெரியும். நம் புட்டியில் இருப்பது அதைவிட நீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதி 1223/2009, க்யூட்டிகிள் கரைப்பானில் இந்தக் காரங்கள் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. காரம் உள்ளது, கண்ணில் பட்டால் பார்வை போகலாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று லேபிளில் எச்சரிக்கவும் சொல்கிறது. நகத்துக்குப் பூசுகிற ஒரு பொருளில் பார்வை போகலாம் என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகும் அதை உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செத்த கெரட்டின் எது, உயிருள்ள தோலின் கெரட்டின் எது என்று காரத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நல்ல நகத்தையும் அது இளக்கும். அதனால்தான் நேரக் கணக்கு.

மார்ச் 4

நேரம் எவ்வளவு என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சில புட்டிகளில் 15 விநாடி என்று இருக்கும், சிலவற்றில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். லேபிளில் உள்ளதுதான் சட்டம். ஐந்து நிமிடம் என்று சொல்லிக் கொடுத்தவர் எந்த லேபிளைப் படித்தாரோ.

ஆனால் கடிகாரம் பார்ப்பவர்களும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பத்து விரலுக்கும் வரிசையாகப் பூசிவிட்டு, "ஒரு நிமிடம்" என்று அப்போதுதான் எண்ணத் தொடங்குவார்கள். பத்தாவது விரலுக்கு அது ஒரு நிமிடம். முதல் விரலுக்கு? அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தள்ளி, சுரண்டி, பேசிக்கொண்டே பத்தாவதுக்கு வரும்போது அதற்கும் நிமிடங்கள் ஓடிப்போயிருக்கும். எரிச்சல் என்று வருபவர்களிடம் எந்த விரல் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக முதல் விரல் அல்லது கடைசி விரல்.

ஒரு கையை எடுத்து, பூசி, முடித்து, கழுவிய பிறகே அடுத்த கைக்குப் போகிறேன். கை இன்னும் பழகாதவர்கள் இரண்டு மூன்று விரலாகவே எடுக்கலாம். நேரம் கூடுதலாகிறது என்று முதலாளி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

மார்ச் 4, சிறிது நேரம் கழித்து

"எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. செத்த படலத்துக்கு உணர்ச்சி கிடையாது. எரிகிறது என்றால் உயிருள்ள தோலில் பட்டிருக்கிறது, அல்லது ஏற்கெனவே அங்கே கீறல் இருக்கிறது. கேட்ட நொடியில் குழாயடிக்குப் போக வேண்டும், லேபிளில் இன்னும் அரை நிமிடம் பாக்கி இருந்தாலும் சரி.

மார்ச் 6

கழுவுதல். தங்கச்சியின் பிரச்சினையில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிஷ்யூ திரவத்தை உறிஞ்சும், காரத்தை முழுவதும் எடுக்காது. ஸ்பிரிட் பஞ்சும் அப்படித்தான், ஈரப்பசையைத் துடைத்துக் காய வைக்கும், அவ்வளவே. எண்ணெய் போட்டால் நின்றுவிடும் என்பதும் நம்பிக்கைதான். காரத்தை வெளியேற்றுவது தண்ணீர். ஓடும் தண்ணீர், லேசான சோப்பு, மென்மையான நக பிரஷ், மடிப்பின் ஓரத்திலும் பக்கவாட்டுப் பள்ளத்திலும் பொறுமையாகத் தேய்ப்பது. விரல் நுனியை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். வழுவழு என்று சறுக்கினால் காரம் இன்னும் இருக்கிறது.

கண்ணால் பார்த்து நம்பாதவர்கள் பி.எச். காகிதம் வாங்கி வையுங்கள். கழுவிய நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காகிதத்தால் ஒற்றி எடுத்தால் நிறம் சொல்லிவிடும். புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் இதைத்தான் செய்கிறேன். டிஷ்யூவால் துடைத்த விரலில் காகிதம் நீலமாகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் வாதாடுவதில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கழுவலாமா என்றால், முதல் கை முக்கி எடுத்ததும் கிண்ணத்துத் தண்ணீரே காரமாகத் தொடங்கும். அடுத்த கைக்கு அதே தண்ணீர் கூடாது. குழாய் தூரமாக இருக்கும் இடத்தில், கையின் கீழே காலிக் கிண்ணத்தைப் பிடித்து, குவளையில் இருந்து ஊற்றிக் கழுவுங்கள்.

வினிகர் தொட்டு முறிக்கலாம் என்று ஒரு பின்னூட்டம். தோல் மேல் வைத்து வேதியியல் பரிசோதனை வேண்டாம், தண்ணீர் போதும்.

கழுவிய பிறகு துடைத்து, நகம் நன்றாகக் காயட்டும். நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பி விரியும், காய்ந்ததும் சுருங்கும். உப்பிய நகத்தில் போட்ட பாலிஷ் அந்தச் சுருக்கத்தில் விளிம்பிலிருந்து விடும். மெனிக்யூர் என்றாலே முதலில் கையை வெந்நீரில் ஊற வைப்பது என்ற பழக்கத்தை நான் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஊறிய தோல் வெள்ளையாக வீங்கி, செத்தது எது உயிருள்ளது எது என்று தெரியாமல் போகும். நிப்பர் அதிகமாக வெட்டுவது அப்போதுதான்.

மார்ச் 6, இரவு

முதலாளிகள் படிக்க நேர்ந்தால்: "முணுமுணுக்கட்டும்" என்று எழுதியது உங்களைப் பற்றி இல்லை.

மார்ச் 9

இனி க்ரீம். பார்லர் அலமாரியில் "க்யூட்டிகிள்" என்று பெயர் போட்ட மூன்று வகை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ரிமூவர் மேலே சொன்னது. சாஃப்டனர் என்று வரும் க்ரீம் லானோலின், மெழுகு, கிளிசரின் போன்றவற்றால் தோலை மெதுவாக இளக்கும், எதையும் கரைக்காது. மூன்றாவது எண்ணெய்.

படலம் அதிகம் இல்லாத கைக்கு ரிமூவரே தேவையில்லை. சாஃப்டனர் க்ரீமைத் தடவி, சில நிமிடம் விட்டு, மர நகக்குச்சியால் மெல்லத் தள்ளினால் முடிந்தது. தங்கச்சி, உன் பார்லரில் சொன்ன ஐந்து நிமிடம் இதற்கானதாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு முறைகளை யாரோ ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். ஒருவருக்கு இது அல்லது அது. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை.

பாலிஷுக்கு முன்னால் எந்த க்ரீம் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, அசிட்டோன் அல்லது ஸ்பிரிட் தொட்ட, நூல் பிரியாத துணியால் நகத்தை மட்டும் துடைக்க வேண்டும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பசை பிறகு மெல்ல ஊர்ந்து வரும், அதனால் அந்த ஓரத்தை இரண்டு முறை. கை மசாஜ் தர வேண்டுமென்றால் பாலிஷுக்கு முன்பே செய்துவிட்டு இப்படித் துடைக்கலாம். பாலிஷ் போட்ட பிறகு தேய்த்துக் கலைத்துவிட்டு மறுபடி போடுவதைவிட மேல்.

பாலிஷ் காய்ந்த பிறகு மடிப்பின் மேல் க்ரீம் கட்டாயம். ரிமூவர் தோலின் இயற்கை எண்ணெயையும் சேர்த்து எடுத்திருக்கும். வறண்டால் வெடிக்கும், வெடித்த இடத்தை வாடிக்கையாளர் பல்லால் கடிப்பார்.

மார்ச் 10

நேற்று "க்ரீம் கட்டாயம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதைக் கொஞ்சம் பிரிக்கிறேன். தோல் வறண்டவர்களுக்கு க்ரீம்தான் சரி: கிளிசரினும் யூரியாவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெழுகும் பெட்ரோலியம் ஜெல்லியும் அதை மூடும். மடிப்பு நன்றாகவே இருந்து நகம் மட்டும் காய்ந்து உடைகிறவர்களுக்கு எண்ணெய் போதும். ஜோஜோபா நல்லது. பெயர்தான் எண்ணெய், உண்மையில் அது திரவ மெழுகு, நம் தோல் சுரக்கும் பசைக்கு நெருங்கிய வகை. ஒரு சொட்டு வைத்து மடிப்பில் தேய்த்தால் போதும். வாரம் ஒருமுறை பார்லரில் அரை மணி நேரம் தேய்ப்பதைவிட தினமும் வீட்டில் ஒரு சொட்டு வைப்பவர்களின் கைதான் அடுத்த முறை எனக்கு வேலை குறைக்கிறது.

மார்ச் 11

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. "தோல் மருத்துவர்கள் க்யூட்டிகிளைத் தொடவே கூடாது என்கிறார்கள், நீங்கள் கரைக்கும் முறை சொல்லித் தருகிறீர்கள்" என்று ஒரு வாசகர்.

அவர் சொல்வது சரிதான். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் வெட்டாதீர்கள், பின்னால் தள்ளாதீர்கள் என்றே அறிவுறுத்துகிறது. காரணமும் நியாயமானது. நகத்துக்கும் மடிப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைப்பது அந்தப் படலம்தான். அது போனால் தண்ணீரும் கிருமியும் உள்ளே போக வழி. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா நுழைந்தால் ஓரிரு நாளில் சிவந்து, வீங்கி, சீழ் கட்டி விண் விண் என்று தெறிக்கும் நகச்சுத்தி. எந்நேரமும் ஈரத்தில் கை வைத்திருப்பவர்களுக்கு வருவது நீடித்த வகை, ஆறு வாரத்துக்கு மேலும் இழுக்கும். மடிப்பு நகத்தை விட்டு விலகி நிற்கும், கேண்டிடா பூஞ்சையும் வந்து குடியேறும்.

ஆகவே 3-ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: நகத்தின் மேல் ஏறி வெளியே வந்துவிட்ட படலத்தை மட்டும் எடுக்கிறோம். மடிப்பு நகத்தைத் தொடும் அந்த மூட்டுக்குள் புஷரை (படலத்தைத் தள்ளும் கருவி) நுழைத்துத் தோண்டுவதில்லை. வெளியே வந்த பகுதி எதையும் அடைத்துக்கொண்டில்லை, பாலிஷையும் ஜெல்லையும் பிடிக்கவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. புஷரைக் கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் பிடித்து, விரல் எடைக்கு மேல் அழுத்தாமல், சிறு வட்டமாகச் சுழற்றினால் இளகிய படலம் தானே சுருண்டு வரும். வரவில்லை என்றால் விட்டுவிடலாம். மடிப்புக்கு அடியில் நகம் இன்னும் மிருதுவாக இருக்கிறது, அங்கே அழுத்தினால் சில வாரம் கழித்துக் குறுக்கே பள்ளம் விழுந்த நகம் வெளியே வரும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழுவதும் புதிதாக ஆறு மாதம். அவ்வளவு நாளும் அந்தப் பள்ளம் உங்கள் கைவேலைக்கு விளம்பரம்.

நிப்பர் எதற்கு என்றால், கிழிந்து தொங்கும் செத்த தோல் நுனிக்கு. அதையும் நறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

மருத்துவர் சொல்வதை முழுவதும் கடைப்பிடிக்க விரும்பும் வாடிக்கையாளரை வற்புறுத்தாதீர்கள். மடிப்பைத் தொடாமல், கழுவி, பாலிஷ் போட்டு, காய்ந்ததும் க்ரீம் போட்டாலும் மெனிக்யூர்தான்.

மார்ச் 11, பின்னிரவு

வெட்டாதே என்பது இன்று நேற்று வந்த ஞானம் இல்லை. கியூடெக்ஸ் 1910களில் சந்தைக்கு வந்தபோது அது பாலிஷ் இல்லை, க்யூட்டிகிள் நீக்கும் திரவம். கத்தரிக்கோலை வைத்துவிட்டு இதைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அப்போதைய விளம்பரம். பாலிஷ் அப்புறம்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நிப்பரைக் கீழே வைக்க நமக்கு மனம் வரவில்லை.

மார்ச் 14

யாருக்குப் போடக் கூடாது என்று எழுதவில்லையே என்று நினைவூட்டியவருக்கு நன்றி.

விரல் ஓரத்தில் கீறல், உரிந்த தோல், சிவப்பு, வீக்கம் இருந்தால் அந்த விரலுக்கு ரிமூவர் கிடையாது. மற்ற ஒன்பதுக்குச் செய்யலாம், அந்த ஒன்றை விட்டுவிடலாம், யாரும் கோபிப்பதில்லை. கரப்பான், சொரியாசிஸ் உள்ள கைகளுக்கும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள்: க்ரீம் மட்டும், வெட்டு இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு நிப்பர் வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்களை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்த மருந்து தோலை மெலிதாக்கும், நகச்சுத்தி வர வாய்ப்பையும் கூட்டும்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்க வேண்டும். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் சிலர் ஏன் என்பார்கள், காரணம் சொன்னால் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பயம் அமைதியாக இருப்பவர்களிடம்தான். ஒரு அம்மா கையை நீட்டிவிட்டு வாயே திறக்கவில்லை, கால்விரல் மட்டும் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எரிகிறதா என்று கேட்டதற்கு, "பரவாயில்லம்மா, பொறுத்துக்கறேன்" என்றார். கழுவிவிட்டுப் பார்த்தால், மோதிர விரல் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். அதிலிருந்து "எரிந்தால் பொறுக்காதீங்க, உடனே சொல்லுங்க" என்று பூசும் முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். பொறுத்துக்கொள்வதை மரியாதை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மார்ச் 15

நம் கைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு முறை படுவது நமக்கு ஒரு நாளில் பல முறை படுகிறது. நைட்ரைல் கையுறை, ஒவ்வொருவருக்கும் புதிது. கையுறைக்குள் ரிமூவர் இறங்கிவிட்டால் கழற்றிக் கழுவிவிட்டு வேறு போட வேண்டும், உள்ளே ஈரத்தோடு தொடர்ந்தால் வெறும் கையைவிட மோசம். குனிந்து வேலை செய்யும்போது கண்ணாடி. கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம். காரம் அமிலத்தைவிடப் பொல்லாதது, திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழம் போகும்.

பெரிய கேனில் இருந்து பெயர் இல்லாத சின்னப் புட்டிக்கு மாற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் போலவே இருக்கும்.

மார்ச் 20

தங்கச்சி திரும்பி வந்து எழுதியிருக்கிறாள். கழுவத் தொடங்கியதிலிருந்து பாலிஷ் நிற்கிறதாம், எரிச்சல் புகார் இல்லையாம். புதுப் பிரச்சினை: முதலாளி வேறு ரிமூவர் வாங்கி வந்திருக்கிறார், "மென்மையானது" என்று. அதை ஒரு நிமிடம் வைத்தால் படலம் அசையவே இல்லை, அதனால் புஷரை அழுத்த வேண்டியிருக்கிறது என்கிறாள்.

அழுத்தாதே. புட்டியின் பின்பக்கம் பார்த்து எழுது, ஹைட்ராக்சைடு இருக்கிறதா?

மார்ச் 21

லாக்டிக் அமிலமாம். அப்படியானால் அது வேறு வழியில் வேலை செய்யும் பொருள். பழ அமில வகைகள் செத்த செல்களை ஒட்டி வைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்தும், கெரட்டினை அப்படியே கரைக்காது. அதனால் மெதுவாகத்தான் வேலை நடக்கும். லேபிளில் நேரம் அதிகமாகவே இருக்கும், அதன்படி விடு. ஒரே தடவையில் எல்லாம் வரும் என்று எதிர்பார்க்காதே. தடித்த படலம் உள்ளவருக்கு இந்த முறை கொஞ்சம், அடுத்த முறை மீதி. யூரியா கலந்த வகையும் இப்படித்தான், ஈரத்தை இழுத்து இளக்கும்.

மென்மையானது என்பதால் கழுவாமல் விட்டுவிடலாம் என்று நினைக்காதே. காரத்துக்குச் சொன்ன ஒரு நிமிடக் கணக்கை இதற்குப் போடாதே, இதற்குச் சொன்ன கணக்கை நாளைக்குப் பழைய புட்டிக்கும் போடாதே. இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிடு.

எந்த வகை நல்லது என்று என்னைக் கேட்டால்: கை பழகும் வரை அமிலம். பொறுமை இல்லாதவர்களிடம் காரப் புட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

மார்ச் 27

கருவிகள் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மர நகக்குச்சி ஒருவருக்கு ஒன்று, வேலை முடிந்ததும் உடைத்துக் குப்பையில். உடைக்கச் சொல்வது எதற்கென்றால், உடைக்காத குச்சி மறுபடி மேஜைக்கு வந்துவிடும். உலோகப் புஷரும் நிப்பரும் முதலில் சோப்பு, பிரஷ், தண்ணீர். அழுக்கோடு கிருமிநாசினியில் போட்டால் அது அழுக்கைத்தான் கழுவும். பிறகு கிருமிநாசினியில் லேபிள் சொல்லும் நேரம் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், பலவற்றுக்குப் பத்து நிமிடம். ஆட்டோகிளேவ் இருந்தால் மிகச் சிறப்பு, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல். நீல வெளிச்சம் எரியும் அந்தப் புற ஊதாப் பெட்டி? சுத்தம் செய்த கருவியை வைத்துக்கொள்ள நல்ல பெட்டி. கிருமி நீக்கும் இயந்திரம் என்று நினைத்து வாங்கியிருந்தால், அது அழகான அலமாரி.

பேச்சு கால் பக்கம் போனதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரே நெயில் சலூனில் கால் ஊற வைக்கும் சுழல்தொட்டி மூலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் வந்தன. தண்ணீரில் வாழும் ஒரு மைக்கோபாக்டீரியா, தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துகளிலும் பெருகியிருந்தது. வருவதற்கு முன் காலைச் சவரம் செய்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. சவரக் கத்தி போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் வாசல். காரம் பட்டு எரிந்த நக மடிப்பும் அப்படி ஒரு வாசல்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 2

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

குதிகாலுக்கு வைத்திருக்கும் கேலஸ் ரிமூவரைக் கைவிரலுக்குப் போடலாமா, இரண்டிலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றுதானே எழுதியிருக்கிறது? கூடாது. குதிகாலின் தடித்த தோலுக்காக அளவு வைத்துச் செய்த பொருள் அது. கால்விரல் மடிப்பிலும் படக் கூடாது.

மெஷின் பிட் (சுழன்று அரைக்கும் முனை) வைத்து க்யூட்டிகிள் எடுப்பவர் கேட்டது: ரிமூவர் பூசிவிட்டுப் பிட் ஓட்டலாமா? ஈரமான காரத்தின் மேல் பிட் சுழன்றால் துளிகள் உங்கள் முகத்துக்கும் எதிரில் இருப்பவர் முகத்துக்கும் தெறிக்கும். இளகிய நகத்தைப் பிட் அளவுக்கு மீறி அரைக்கவும் செய்யும். மெஷின் என்றால் உலர்ந்த நகத்தில். ரிமூவர் என்றால் புஷரோடு. முதலில் ரிமூவர் போட்டுவிட்டீர்களென்றால் கழுவி, முழுவதும் காய விட்டு, அப்புறம் எடுங்கள் மெஷினை.